அத்தானின் பத்தும் அக்காவின் பாதியும்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பிடித்த படங்கள் மொத்தம் பத்து. அதில் எட்டை அவர் தூங்காமல் பார்த்ததே இல்லை. மீதி இரண்டில் ஒன்று அரை மணி நேரப் படம். இன்னொன்றைப் பார்த்த அன்று அவருக்குப் பல் வலி.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் நான்காவது மாடியில் இருக்கிறார், நான் அதே கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கிறேன். சனிக்கிழமை தோறும் அக்கா என்னைப் படம் பார்க்கக் கூப்பிடுவாள். படம் ஓடும், அத்தானின் தலை மெல்லத் தோளில் சாயும், வாய் திறக்கும். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் சொல்லி வைத்தது போல் விழித்து, "என்னமா எடுத்திருக்கான்!" என்பார். எடுத்தவன் எங்கோ ஒரு நாட்டில் செத்துப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அவனாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

அத்தானுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கோப்பைகள் பெல்ட்டில் வரிசையாக வரும். அவர் கையில் ஒரு சின்ன மரக்குச்சி இருக்கும். விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். நல்ல கோப்பை "டிங்" என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டது "டொக்" என்னும். டிங் என்றால் பெட்டிக்கு, டொக் என்றால் தொட்டிக்கு. ஓசை சரியாக இருந்து உருவம் கோணலாகப் போனதற்கு செகண்ட்ஸ் என்று பெயர். அவற்றைத் தொழிலாளிகளுக்கே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அக்கா வீட்டுச் சமையலறையில் நேராக நிற்கும் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. விருந்தாளிக்குக் கைப்பிடி கோணலான கோப்பை, வீட்டாருக்குக் கைப்பிடியே ஒட்டாத கோப்பை.

அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தட்டி அனுப்பிய கோப்பை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் சாயங்காலம் தொழிற்சாலையை விட்டு வரும்போது அந்தக் குச்சியை அங்கேயே வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. பிளம்பர், பூசணிக்காய், புதுச் சொந்தக்காரர் என்று எது எதிரே வந்தாலும் ஒரு தட்டு. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற ஒரே பழமொழிதான் அவருக்குத் தெரியும். ஒன்றே தெரிந்தவர்கள் அதை ஓயாமல் சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவரையும் அப்படித்தான் தட்டினார். அந்த ஆள் டீயைப் பாதி குடிப்பதற்குள் என் காதில், "டொக்குன்னு கேக்குது, வேண்டாம்" என்றார். பின்னாளில் விசாரித்தபோது அது சரியாகவே இருந்தது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தப் பத்துப் படம் வந்த கதையும் தட்டல் கதைதான். ஒருமுறை தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மேலாளர், கேண்டீனில் சும்மா பேச்சுக்கு, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?" என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார். அத்தான் உண்மையைச் சொல்லிவிட்டார். ஒரே ஆள் நாற்பது பேரை அடிக்கும் படம் ஒன்று. மேலாளர் உதட்டோரம் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அத்தானுக்குள் டொக் என்று விழுந்தது. அன்றோடு நாற்பது பேரும் தப்பித்தார்கள், நாங்கள் மாட்டிக்கொண்டோம். எங்கெங்கோ படித்து, யார் யாரையோ கேட்டு, ஒரு மாதத்துக்குள் பத்துப் படங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பத்தும் வெளிநாடு, ஒன்பதில் மழை.

முதலிடம் 'கதவுப் படம்'. அதன் பெயரை அவரால் சரியாக உச்சரிக்க முடியாததால் நாங்கள் வைத்த பெயர் இது. கதாநாயகன் ஒரு தச்சன். ஒரு வீட்டில் கதவு சரியாக மூடவில்லை. மூன்று மணி நேரம் அதை இழைக்கிறான். கடைசியில் கதவு மூடுகிறது. வசனம் மொத்தம் நாலு வரி, அதில் இரண்டு தும்மல்.

இந்தப் பத்தைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். சிலிண்டர் கொண்டு வருபவர் தோளில் சுமையோடு நின்றபடி ஏழாவது படத்தின் கதையைக் கேட்டிருக்கிறார். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். அத்தான் அங்கே வந்தால் போதும், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். எதிர்த்துப் பேச முடியாத ரசிகர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

சொல்லி முடித்ததும் அக்கா பக்கம் கையைக் காட்டி, "இவளுக்கும் அதேதான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை" என்பார்.

அக்கா தலையை ஆட்டுவாள். அது ஆமாம் என்ற ஆட்டலா இல்லை என்ற ஆட்டலா என்று யாரும் விசாரித்தது கிடையாது. அவள் பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் சொல்வதையெல்லாம் காலையிலிருந்து கேட்டுவிட்டு வருபவளுக்கு, வீட்டிலும் ஒருவர் சொல்வது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை போல.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. தண்ணீர்த் தொட்டி பற்றிச் சண்டை போடுவதற்காகக் கட்டியது. அங்கே ஒரு புரொஜெக்டரும் வாங்கி வைத்திருந்தார்கள். அத்தான் சங்கச் செயலாளரைப் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு மதியம் அங்கே படம் போட ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் மிகவும் பிடித்த படத்தைப் போட வேண்டும். போடும் முன் எழுந்து நின்று ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். முதல் மாதம் அத்தான். இரண்டாம் மாதம் யாரும் முன்வராததால் அத்தான். மூன்றாம் மாதம், வந்தவர்கள் தேர்ந்தெடுக்கத் தடுமாறியதால், உதவி செய்ய அத்தான்.

கதவுப் படம் போட்ட அன்று கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. தச்சன் உளியைத் தீட்ட ஆரம்பித்ததும் பின்வரிசை கிளம்பியது. குழந்தைக்குப் பசி, அடுப்பில் பால், மாமியாருக்கு மயக்கம். கட்டடத்தில் இத்தனை மாமியார்கள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கதவு மூடியபோது உள்ளே நாலு பேர் இருந்தோம், அதில் அத்தான் தூக்கத்தில்.

விழித்ததும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த நாளே ஒரு விதி எழுதி அறைக் கதவில் ஒட்டினார். படம் தொடங்கிய பிறகு, முடியும் வரை, எக்காரணம் கொண்டும் யாரும் எழுந்து செல்லக் கூடாது. எழுந்து போவது படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குச் செய்யும் அவமரியாதை. இடைவேளைக்கு மட்டும் ஐந்து நிமிடம், அதுவும் அறைக்குள்ளேயே. அதோடு விடாமல் வாசலை ஒட்டித் தனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார், காவலுக்கு.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சுற்று மறுபடி அத்தான் வீட்டுக்கே வந்தது. கதவுப் படத்தை இன்னொரு முறை போட வேண்டியதன் அவசியத்தை அவர் விளக்க ஆரம்பித்தபோது, செயலாளர் மெதுவாகக் குறுக்கிட்டார்.

"சார், உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் எங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இந்தத் தடவை உங்க வீட்ல அம்மா சொல்லட்டுமே?"

"தாராளமா சொல்லட்டும்!" என்றார் அத்தான். "அவளுக்கும் அதேதான்."

அன்று சாயங்காலமே அவர் அக்காவுக்கு ஒரு உரை எழுதிக் கொடுத்துவிட்டார். 'கதவு என்பது வெறும் கதவு அன்று' என்று தொடங்கியது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அக்கா என்னை மேலே கூப்பிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஏண்டி, பழைய படமெல்லாம் போன்ல தேடினா கிடைக்குமாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

"எந்தப் படம்?"

"கிளி சாட்சி சொல்ற படம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் துணியை வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னாள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து போன முதல் படமாம் அது. கதாநாயகி பஸ் ஓட்டுகிறவள். அவள் தம்பி மேல் கொலைப்பழி. கொலையைப் பார்த்த ஒரே சாட்சி செத்தவர் வளர்த்த கிளி. கதாநாயகி கிளிக்கூண்டைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் தாண்டிப் பஸ்ஸை விரட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருகிறாள். வில்லன் ஆட்கள் துரத்துகிறார்கள். ஒரு வழியாகக் கூண்டைக் கொண்டு வந்து மேஜை மேல் வைக்கிறாள். நீதிபதி, "சொல், அன்று என்ன பார்த்தாய்?" என்கிறார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கிளி அலகைத் திறக்கிறது. இடைவேளை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? உங்க அத்தான் எந்திரிச்சுட்டார். 'பாதி பாத்தாச்சு, பதம் தெரிஞ்சுபோச்சு, சுத்தக் குப்பை, வா போலாம்'னார். புதுசாக் கல்யாணமானவ, நான் என்ன சொல்ல? கூடவே வந்துட்டேன். அவர் பஸ்ல வரும்போது அந்தப் படத்தைத் திட்டிக்கிட்டே வந்தார். நான் கிளி என்ன சொல்லியிருக்கும்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன்."

"இத்தனை வருஷமா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமேக்கா?"

"கேட்டேன். யாரும் பாக்கலை. ஒரே வாரத்துல தூக்கிட்டாங்களாம்." மடித்த துணியையே இன்னொரு முறை மடித்தாள். "எனக்குப் பிடிச்ச படம் அதுதான்டி. மொத்தமாச் சேத்துப் பாத்தாலும், எப்பவும் பிடிச்சதுன்னா அதுதான்."

பாதிப் படம் பார்த்துவிட்டு அதை வாழ்நாள் முழுக்கப் பிடித்த படம் என்று சொல்லும் ஒருத்தியும், முழுப் படத்திலும் தூங்கிவிட்டு அப்படியே சொல்லும் ஒருவரும் ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். ஜாதகம் பார்த்தவனைக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்க வேண்டும்.

தேடியதில் படம் கிடைத்தது. யாரோ பழைய டேப்பிலிருந்து ஏற்றியிருந்தார்கள். நிறமெல்லாம் வெளிறி, கதாநாயகியின் முகமும் கிளியும் ஒரே பச்சையில் இருந்தன. அடியில் ஏதோ ஒரு போட்டோ ஸ்டூடியோவின் தொலைபேசி எண் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஒரு நிமிடம் மட்டும் போட்டுக் காட்டினேன். அக்கா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

"நீயும் முன்னாடியே பாத்துடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதைக் காப்பாற்றியும் தொலைத்தேன். பார்த்திருந்தால் அவளைத் தடுத்திருப்பேன்.

அத்தானிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"கிளியா? அந்தக் குப்பையா? இந்தா பாரு, கட்டடத்துல எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"இருக்கட்டுங்க. இது என் பேர்லதானே போடறாங்க."

"சரி, உனக்கு ஆசைன்னா நாம ரெண்டு பேரும் வீட்லயே பாத்துக்கலாம். ஊரைக் கூட்டணுமா?"

"வீட்ல பாத்தா நீங்க பாதியிலயே எந்திரிச்சிடுவீங்க," என்றாள் அக்கா. "அங்கதான் எந்திரிக்க முடியாது."

சொந்தச் செலவில் சூனியம் என்று சொல்வார்களே, அதைக் கண்ணெதிரே கண்டேன். விதியை எழுதியவரும் அவரே, ஒட்டியவரும் அவரே, ஓரத்துக்கு டேப் போட்டவரும் அவரே.

அக்கா இன்னும் ஒன்று சொன்னாள், குரலைத் தாழ்த்தி. "நான் மட்டும் தனியாப் பாத்திருக்கலாம். எப்பவோ பாத்திருக்கலாம். ஆனா ரெண்டு பேராப் போய் ரெண்டு பேராத்தானே எந்திரிச்சு வந்தோம். மிச்சத்தையும் ரெண்டு பேராத்தான் பாக்கணும்."

அதன் பிறகான நாட்களில் அத்தான் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். புரொஜெக்டர் சூடாகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் கணக்கெடுப்பு இருக்கலாம் என்றார். செயலாளரிடம் தனியாகப் போய், "வீட்டுக்காரி கொஞ்சம் விளையாட்டா எடுத்திருக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று முன்ஜாமீன் வாங்கப் பார்த்தார். செயலாளர் அதைக் கேட்டுவிட்டுக் கட்டடம் முழுக்க 'கிளிப் படம், கிளிப் படம்' என்று சொல்லி வைத்துவிட்டார். கதவுப் படத்தில் மயக்கம் போட்ட மாமியார்கள் எல்லோரும் குணமாகி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். கூடுதலாக நாற்காலி போட வேண்டியிருந்தது.

அக்கா ஒரு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அத்தான் எழுதிக் கொடுத்த தாள் கையில் இல்லை.

"இந்தப் படத்தை நான் பாதிதான் பாத்திருக்கேன். மீதியைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அவ்வளவுதான்," என்றாள்.

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து எழுந்தன. அத்தான் வாசல் நாற்காலியில் வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அக்கா நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல் பாதி உண்மையாகவே நன்றாக இருந்தது. நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பஸ் ஒரு திருப்பத்தில் சாயும்போது முன்வரிசை மொத்தமும் சேர்ந்து சாய்ந்தது. கூண்டு இருக்கையிலிருந்து நழுவப் போக, கதாநாயகி ஒரு கையால் பிடித்துக்கொள்ள, "பிடி, பிடி!" என்று யாரோ கத்தினார்கள். அக்காவின் உதடுகள் ஒவ்வொரு வசனத்தையும் படத்துக்கு முன்னாடியே சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு தடவை, எப்போதோ பார்த்த படம். நீதிபதி கேட்டார். கிளி அலகைத் திறந்தது. இடைவேளை.

அத்தான் உடனே போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தொழிற்சாலையிலேர்ந்து ஒரு அவசரம்..."

செயலாளர் கதவில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினார். முன்வரிசையில் ஒரு மாமியார், "எக்காரணம் கொண்டும்" என்று சத்தமாகப் படித்தும் காட்டினார். அத்தான் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து வந்தது. கதாநாயகி இப்போது பஸ் ஓட்டவில்லை, ஏதோ ஒரு மலையில் ஆடிக்கொண்டிருந்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவளுக்கு ஒரு காதலன் வந்தான், இன்னும் ஒரு பாட்டு வந்தது. தம்பி வரவில்லை. நீதிமன்றம் வரவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் ஒரு சண்டை வந்தது, அதில் வில்லன் காரணமே இல்லாமல் திருந்தினான். நான் அக்காவைப் பார்க்கப் பயந்துகொண்டு திரையையே பார்த்தேன். அப்போது இருட்டில் ஒரு குரல் எழுந்தது.

"அந்தக் கிளி என்னாச்சு?"

அத்தானின் குரல். பாதிப் படத்தில் பதம் பார்ப்பவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல சேதி, அவர் தூங்கவில்லை. கெட்ட சேதி, கிளி வரவே இல்லை. கதாநாயகி கல்யாணம் செய்துகொண்டாள், எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், 'வணக்கம்' என்று போட்டுவிட்டார்கள். எடுத்தவர்கள் கிளியை அப்படியே மறந்து போயிருந்தார்கள்.

விளக்கைப் போட்டதும் செயலாளர், "கிளிக்குக் கால்ஷீட் கிடைக்கலை போல" என்றார். அறை அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்கு விக்கல் எடுத்தது. அக்காவும் சிரித்தாள். எல்லோரையும் விட அதிகமாகவே சிரித்தாள். "குப்பைங்க, சுத்தக் குப்பை!" என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். இது போல் ஒரு மதியம் கழிந்ததே இல்லை என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் ஏமாந்தேன், அவள் நிஜமாகவே சிரிக்கிறாள் என்று.

மாடி ஏறும்போது அத்தான் முன்னால் போனார். இரண்டாவது மாடி வரை அடக்கிக்கொண்டு வந்தார், பாவம். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

என் கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. அதை அவர் தலையில் போட்டிருந்தால் எந்த நீதிபதியும் என்னை விட்டிருப்பார். சாட்சிக்குக் கிளிகூட வேண்டியிருக்காது.

வீட்டுக்குள் போனதும் அக்கா டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். நானும் அத்தானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். அவர் ஐஸ் தொழிற்சாலைச் சண்டையில் இருந்த தவறுகளை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. அக்கா அணைக்கவில்லை. நான்தான் எழுந்துபோய் அணைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன, என்ன ஆச்சு?" என்றார் அத்தான். "ஒரு படத்துக்குப் போயா?"

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றாள் அக்கா, திரும்பாமலே. "அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. எனக்குத்தான் தெரியலை. பஸ் பாஸ் எழுதும்போதும், துணி துவைக்கும்போதும், உங்க படத்துக்கெல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கும்போதும், அந்தக் கிளி என்ன சொல்லியிருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொல்லும். இன்னைக்குப் பாத்தா அது ஒண்ணுமே சொல்லலை. பைத்தியக்காரி மாதிரி இவ்வளவு நாளா வெச்சுக் காப்பாத்தியிருக்கேன்."

எனக்கும் அழுகை வந்தது. அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் வந்ததா, அத்தான் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

அத்தான் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அவர் ஜெயித்திருந்தார், தான் அன்று சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்று கட்டடமே பார்த்திருந்தது. அந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் முழித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"உன் கிளி என்ன சொல்லுச்சு?"

அக்கா திரும்பினாள். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கேலி இல்லை.

"நெஜமாக் கேக்கறீங்களா?"

"நெஜமாத்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பல மாதிரி சொல்லும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு." நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். கிளி அலகைத் திறக்கிறது. அது பேசுவதற்குள் ஒரு பக்கத்து வக்கீல் எழுந்து, "கிளி சொல்ல வர்றது என்னன்னா" என்று ஆரம்பிக்கிறார். எதிர்ப் பக்கத்து வக்கீல், "இல்லை, கிளியோட கருத்து வேற" என்கிறார். இருவரும் கிளிக்காக மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். புத்தகங்கள் வருகின்றன, மேற்கோள்கள் வருகின்றன, பொழுது சாய்கிறது. நீதிபதி தீர்ப்பெழுதப் பேனாவைத் திறக்கிறார். அப்போது மின்விசிறியை அணைக்க வந்த ஊழியர், "ஐயா, அதையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே?" என்கிறார். நீதிபதிக்கும் அது நல்ல யோசனையாகப் படுகிறது. கேட்கிறார்.

"அதுக்குக் கிளி," என்றாள் அக்கா, "'இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?'ன்னு கேக்கும்."

கோப்பையில் இருக்கும் விரிசலை ஒரே தட்டில் கண்டுபிடிப்பவருக்கு, இது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் லேசாகத் தலையாட்டினார். ஏதோ விமர்சனம் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் தலையாட்டல் பாதியில் நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார், பிறகு வெகு நேரம் தரையைப் பார்த்தார்.

அடுப்பைத் துடைத்து, மறுபடி பால் வைத்து, டீயைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள் அக்கா. அவர் அதைத் தொடவில்லை.

"உனக்கு... வேற என்னென்ன படமெல்லாம் பிடிக்கும்?" என்றார்.

"இருக்கு, ஒரு பத்து," என்றாள் அக்கா. "ஒண்ணுலேர்ந்து சொல்லட்டுமா, பத்துலேர்ந்து சொல்லட்டுமா?"

அத்தான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் இஷ்டம்," என்றார்.